ஊரும் நீரும் – 12: ஏரி யார் கணக்கில்?

சென்ற பகுதியை வேளச்சேரியின் கோயில் கல்வெட்டுகளோடு நிறுத்தியிருந்தோம். செல்லியம்மன் கோயிலிலும் தண்டீஸ்வரர் கோயிலிலும் உள்ள சோழர்காலக் கல்வெட்டுகளில் இந்த ஊரின் பெயர் வெளிச்சேரி. சபை கூடி நிர்வாகம் நடத்திய ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர் ஊர். அப்படிப்பட்ட சபைகள் தம் வேலையை எப்படிச் செய்தன, அவற்றின் பொறுப்பில் இருந்த ஏரி பிறகு யார் யார் கைக்கு மாறியது, ஒவ்வொருவரும் அதை எந்தக் கணக்கில் எழுதினார்கள் என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

வேளச்சேரியின் ஆயிரம் ஆண்டுகளைப் படிக்கும்போது திரும்பத் திரும்ப என் முன் வந்து நிற்பது ஒரே கேள்விதான். சபையோ, அரசுத் துறையோ, கம்பெனியோ, ஓர் அமைப்பு தான் போக வேண்டிய திசையை முடிவு செய்யும்போது, அந்த முடிவால் யார் வீட்டு வாசலில் தண்ணீர் வந்து நிற்கும் என்று யோசித்ததா?

சதுர்வேதிமங்கலத்தின் ஆட்சி எப்படி நடந்தது என்பதை நமக்கு மிக விரிவாகச் சொல்வது உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் அங்கே சபை எடுத்த தீர்மானங்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. குடவோலை முறை என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் எல்லாரும் படித்ததுதான். ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரிக்கப்பட்டது. 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும், வரி கட்டும் கால்வேலி நிலமாவது இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும் என்று தகுதிகள். குடத்தில் போட்ட ஓலையை ஒரு சிறுவன் எடுத்துக் கொடுப்பான்.

பாடப் புத்தகம் அவசரமாகத் தாண்டிப் போகும் இடம் ஒன்று உண்டு. தேர்வானவர்களிலிருந்து தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர் என்று தனித்தனியாக ஒதுக்கினார்கள். ஏரிக்கென்றே ஆறு பேர், 360 நாள் பதவி. முன்பு ஏதாவது வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி எந்தப் பொறுப்புக்கும் வர முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரின் பெயரையும் ஓலையில் எழுதக் கூடாது. கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. பதவியில் இருக்கும்போது குற்றம் செய்தால் அப்போதே நீக்கிவிட வேண்டும்.

இதைப் பொற்காலமாகப் பாடுவது என் நோக்கமல்ல. அந்தச் சபையில் நிலமுள்ள பிராமண ஆண்கள் மட்டுமே உட்கார முடிந்தது. கோடையில் ஏரிக்குள் இறங்கித் தூர் வாரியவர்கள், கரைக்கு மண் சுமந்த பெண்கள், இரவில் மதகைத் திறந்து மூடிய நீர்கட்டிகள், யாருடைய பெயரும் ஓலையில் ஏறவில்லை. நீருக்காக உழைத்தவர்களுக்கு நீரைப் பற்றிய முடிவில் பங்கில்லாத அந்தக் குறை பெரிய குறை. அது இன்றுவரை வேறு வேறு உருவத்தில் தொடர்கிறது என்பதைக் கட்டுரையின் பின்பகுதியில் பார்ப்போம். ஆனால் ஏரியைத் தனிப் பொறுப்பாக வைத்ததும், பொறுப்பை ஆள்பெயரோடு கொடுத்ததும், கணக்கைக் கட்டாயமாக்கியதும் அந்தக் குறையையும் மீறி மதிக்க வேண்டிய ஏற்பாடுகள். பிறகு வந்த பல அமைப்புகளுக்கு இந்த மூன்றும் ஒன்றாக வாய்க்கவே இல்லை.

ஏரிக்கு ஏன் தனி வாரியம் என்பது, ஒரு கலங்கலைப் பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். கலங்கல் என்பது ஏரி எவ்வளவு கொள்ளலாம் என்று அளந்து கட்டிய வரம்பு. கரையைவிடத் தாழ்வான கருங்கல் கட்டுமானம். அதன் தலைப்பில் வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருக்கும். மழைக்காலத்தின் கடைசியில் அந்தக் கற்களுக்கு நடுவே மண்ணும் தழையும் வைத்து அடைத்தால் இன்னும் ஓரிரண்டு அடி நீரைத் தேக்கலாம். ஏரிக்குக் கீழே இருக்கும் வயலுக்கு அது லாபம். ஆனால் நீர் ஏறினால் ஏரியின் உள்வாயை ஒட்டிய மேட்டு வயல்கள் மூழ்கும். அடைப்பை எடுக்கத் தாமதித்து, ஐப்பசி கார்த்திகையில் பெருமழை பிடித்துக்கொண்டால் கரையே உடையும். உடைந்தால் அடுத்த ஊர் ஏரியும் சேர்ந்து போகும். ஆக, இரண்டு அடி உயரம் என்ற ஒரு முடிவுக்காக மேலூருக்கும் கீழூருக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. தன் லாபத்துக்காகத் தேக்குகிற ஒவ்வொரு அடி நீரும் இன்னொருவர் நிலத்தின் மேல் ஏறுகிறது என்ற அறிவு, கலங்கலை ஒட்டி வாழ்ந்தவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே இருந்தது.

வேளச்சேரி ஏரி இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. ஆதம்பாக்கம், பரங்கிமலைப் பக்கத்து மழைநீர் வீராங்கல் ஓடை வழியாகக் கிழக்கே இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகிறது. தெற்கிலிருந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம், செம்பாக்கம் என்று ஏரி ஏரியாக நிரம்பி வழிந்து வரும் நீரும் அதே சதுப்பில்தான் சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், கடல். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழைக்கு இதுதான் வழி. வேளச்சேரி அந்த வழியின் தாழ்வான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. எந்த அலுவலகத்தில் எந்தத் திட்டம் போட்டாலும் இந்தச் சரிவு மாறப்போவதில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் ஏரி வருவாய்க் கணக்குக்குள் போனது. எந்த ஏரியைப் பழுது பார்த்தால் எவ்வளவு நிலவரி கூடும் என்பதே கேள்வி. சில்லறை மராமத்தை ஊரார் தலையில் வைத்து, 1858-ல் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஊராரே கூடி ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்து, ஊரின் வழக்கம் என்ற நிலையிலிருந்து அரசின் உத்தரவு என்ற நிலைக்கு வந்தது. முடிவெடுக்கும் உரிமையை எடுத்துக்கொண்டு வேலையை மட்டும் விட்டுவைத்தால் ஊர் ஒதுங்கிப் போகத்தான் செய்யும். 1883-ல் ஏரிகளைச் சீரமைக்கத் தனித் திட்டம் தொடங்கினார்கள். அளந்தார்கள், வரைபடம் போட்டார்கள், கலங்கலின் உயரத்தைக் குறித்து வைத்தார்கள். அந்தப் பதிவுகள் இன்றும் பயன்படுகின்றன. ஆனாலும் பொதுப்பணித் துறையின் பதிவேட்டில் ஓர் ஏரியின் மதிப்பு அதன் ஆயக்கட்டுதான், அதாவது அது எத்தனை ஏக்கர் வயலுக்குப் பாய்கிறது என்பதுதான். வெள்ளத்தைத் தாங்குவது, நிலத்தடி நீரை ஊற வைப்பது, மீன், பறவை, கோரை என்று ஏரி செய்யும் மற்ற வேலைகளுக்கு அந்தப் பதிவேட்டில் பத்தியே கிடையாது.

சுதந்திரத்துக்குப் பிறகு நகரம் தெற்கே நகர்ந்தபோது அந்த இல்லாத பத்திதான் வினையானது. காமராஜர் முதல்வராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்த காலத்தில் 1958-ல் கிண்டித் தொழிற்பேட்டை வந்தது. அடுத்த ஆண்டு ஐஐடி. 1961-ல் வீட்டு வசதி வாரியம், 1970-ல் குடிசை மாற்று வாரியம், 1970-களில் பெருநகர வளர்ச்சிக் குழுமம், 1978-ல் குடிநீர் வாரியம். வேலை வேண்டும், வீடு வேண்டும், குடிதண்ணீர் வேண்டும் என்று சென்னை தவித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒவ்வோர் அமைப்பும் ஒரு நியாயமான தேவையிலிருந்துதான் பிறந்தது. வயல்கள் மனைகளாக மாற, ஆயக்கட்டு இல்லாத ஏரி கோப்பில் பயனற்ற ஏரியாயிற்று. பயனற்ற நிலம் கையில் இருக்கும்போது வீடு கட்ட வேண்டிய வாரியம் வேறெங்கே போகும்? சென்னையில் ஏரிப் படுகையிலேயே குடியிருப்புத் திட்டங்கள் எழுந்தன. முகப்பேரில் ‘ஏரித் திட்டம்’ என்பது இன்றைக்கும் அஞ்சல் முகவரியில் இருக்கும் பெயர்.

வேளச்சேரியிலும் அதுவே நடந்தது. ஏரியில் ஒரு பங்கு அரசு வாரியங்களுக்குப் போனது, ஒரு பங்கு சாலைக்குப் போனது, ஒரு பங்கில் வேறு போக்கிடம் இல்லாத ஏழைகள் குடிசை போட்டார்கள், இன்னொரு பங்கு யார் யாரோ அளந்து விற்ற மனைகளாயிற்று. சுமார் 265 ஏக்கராக இருந்த ஏரி இன்று சுமார் 55 ஏக்கர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை அதன் வழக்கு போயிருக்கிறது.

பள்ளிக்கரணையின் கதி இதைவிடப் பெரிது. 1960-களில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் விரிந்திருந்ததாக மதிப்பிடப்படும் சதுப்பு அது. அதன் வடக்கு விளிம்பில் 1980-களிலிருந்து மாநகராட்சி குப்பை கொட்டியது. பெருங்குடிக் குப்பைமேடு 200 ஏக்கருக்கு மேல் பரந்தது. பக்கத்திலேயே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். வேளச்சேரி – தாம்பரம் சாலையில் 1993-ல் உருவான தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும், 1998-ல் உருவான காற்றாலைத் தொழில்நுட்ப மையமும் இடம் பிடித்தன. 2000-ல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது; அதைத் தொடர்ந்து பழைய மாமல்லபுரம் சாலை முழுவதும் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. 2007 நவம்பரில் பறக்கும் ரயில் வேளச்சேரி வரை வந்தது. ரயில் வந்த பிறகு மனை விலை எங்கே போனது என்பதை இங்கே வீடு வாங்கியவர்கள் அறிவார்கள்.

மாநகராட்சி குப்பையை எங்கேயாவது கொட்டித்தான் ஆக வேண்டும். கடலையும் காற்றையும் ஆராயும் நிறுவனங்கள் நாட்டுக்குத் தேவை. மென்பொருள் கம்பெனிகள் லட்சக்கணக்கான தமிழ்ப் பிள்ளைகளுக்கு, கிராமத்திலிருந்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு, வேலை கொடுத்தன. அதை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். தவறு எந்த ஓர் அமைப்பின் நோக்கத்திலும் இல்லை. ஒவ்வொன்றும் தன் திசையைத் தன் அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்தது. வீட்டு வாரியத்துக்கு இலக்கு வீடுகளின் எண்ணிக்கை, ரயில்வேக்குத் தடத்தின் நீளம், தொழில் வளர்ச்சிக் கழகத்துக்கு முதலீட்டுத் தொகை. தண்ணீர் எங்கே போகும் என்பது எவர் இலக்கிலும் இல்லை. ஆறு பேர் ஏரிக்கென்று உட்கார்ந்த இடத்தில் இப்போது பத்துப் பன்னிரண்டு துறைகள் இருந்தன, ஏரிக்கென்று மட்டும் யாருமில்லை.

நிறுவனங்களுக்குச் சமூகப் பொறுப்பு உண்டா என்ற விவாதம் உலகில் பழையது. அமெரிக்கப் பொருளியலாளர் ஹோவர்ட் போவன் 1953-ல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். லாபம் சம்பாதிப்பதே கம்பெனியின் பொறுப்பு என்று 1970-ல் மில்டன் ஃபிரீட்மன் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. நம் நாட்டில் காந்தி, செல்வந்தர் தம் செல்வத்துக்குத் தர்மகர்த்தாவாக இருக்க வேண்டும் என்றார். 2010-ல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்ட ஐஎஸ்ஓ 26000 என்ற வழிகாட்டி இதைத் தெளிவாக வரையறுத்தது. ஓர் அமைப்பின் முடிவுகளும் செயல்களும் சமூகத்தின் மீதும் சுற்றுச்சூழலின் மீதும் உண்டாக்கும் விளைவுகளுக்கு அந்த அமைப்பே பொறுப்பு என்பது அதன் சாரம். கம்பெனிகளுக்கு மட்டுமல்ல, அரசுத் துறை, பல்கலைக்கழகம், தொண்டு நிறுவனம் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும் என்றும் சொன்னது. கலங்கல் அடைப்பை எடுக்கச் சொல்லும் மேலூர்க்காரரின் வாதமும் கிட்டத்தட்ட இதேதான்.

இந்தியா இன்னொரு வழியில் போனது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட கம்பெனிகள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சென்னையின் ஏரிகளுக்கு இந்தப் பணம் உண்மையிலேயே உதவியிருக்கிறது. சதுப்புக்கு நீர் அனுப்பும் செம்பாக்கம் ஏரியை நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை, ஐஐடி மூன்றும் சேர்ந்து சீரமைத்தன. அருண் கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய இந்தியச் சுற்றுச்சூழலியலாளர் அமைப்பு நிறுவனங்களின் உதவியோடு பல குளங்களைத் தூர் வாரியிருக்கிறது. சனிக்கிழமை காலையில் அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஏரியில் இறங்கி ஆகாயத்தாமரை அள்ளும் இளைஞர்களைப் பார்த்தால் மனம் நிறைகிறது.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லாபத்தில் 2 சதவீதத்தை எங்கே செலவிடுவது என்ற கேள்வி சமூகப் பொறுப்புக் குழுவின் மேசைக்கு வருகிறது. வளாகத்தை எங்கே கட்டுவது, தரையை எத்தனை அடி தூக்குவது, எத்தனை அடித்தளம் தோண்டுவது, மழைநீரை எந்தப் பக்கம் திருப்பிவிடுவது என்பன வேறு மேசையில், வேறு மனிதர்களால் முடிவாகின்றன. ஊரைப் பாதிப்பது இரண்டாவது மேசை. நீர்வழியில் கட்டடத்தை எழுப்பிவிட்டு இன்னோர் ஊரின் குளத்தைத் தூர் வாரிக் கொடுத்தால், அந்தக் குளத்துக்கு நல்லது. ஆனால் கட்டடத்துக்குப் பின் தெருவில் நிற்கும் தண்ணீர் ஓர் அங்குலமும் இறங்காது. பங்குச் சந்தையில் பட்டியலான முதல் 1,000 கம்பெனிகள் பொறுப்பு மற்றும் நீடித்த தன்மை பற்றிய விரிவான அறிக்கையை 2022-23 முதல் கட்டாயமாக வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி உத்தரவிட்டிருக்கிறது. நீர்ப் பயன்பாடு, கழிவு, சூழல் ரீதியாக நொய்மையான பகுதிகளில் உள்ள வளாகங்கள் எல்லாம் அதில் கேட்கப்படுகின்றன. கணக்குக் காட்டாதவரின் பெயர் ஓலையில் ஏறாது என்ற விதிக்கு, ஆயிரம் ஆண்டு கழித்து, ஓரளவுக்காவது அருகில் வந்திருக்கிறோம்.

வேளச்சேரிப் பகுதி வரலாற்றில், திசையைச் சரியாகத் தேர்ந்த ஓர் அமைப்பு உண்டென்றால் அது மிகச் சிறியது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஜெயஸ்ரீ வெங்கடேசனும் ரஞ்சித் டேனியல்ஸும் தொடங்கிய கேர் எர்த் அறக்கட்டளை. பெரிய நிதியோ அதிகாரமோ இல்லாத அமைப்பு. பள்ளிக்கரணையைக் காப்பாற்ற வேண்டும் என்று முழங்குவதற்கு முன், அங்கே என்ன இருக்கிறது என்று எழுதி வைப்பதை அவர்கள் முதல் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காக ஆய்வு செய்தார்கள். எத்தனை வகைப் பறவை, எத்தனை வகைச் செடி, எந்தெந்த ஏரியிலிருந்து நீர் வருகிறது, எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது. சதுப்பை மட்டும் பார்க்காமல் அதற்கு நீர் கொடுக்கும் 250 சதுர கிலோமீட்டரையும் சேர்த்துப் பார்த்ததுதான் அவர்களுடைய முக்கியமான முடிவு என்று நினைக்கிறேன். சுற்றுவட்டாரக் குடியிருப்போர் சங்கங்களும், குப்பைப் புகையில் மூச்சு முட்டியவர்களும் வீதியிலும் நீதிமன்றத்திலும் போராடினார்கள். போராடியவர்களுக்குக் கையில் கணக்கு இருந்தது.

அந்தப் பத்தாண்டில் நீதிமன்றங்களும் பேசின. நீர்நிலைப் புறம்போக்கைக் காப்பது அரசின் கடமை என்று உயர் நீதிமன்றம் எல். கிருஷ்ணன் வழக்கில் 2005-ல் தீர்ப்பளித்தது. 2007-ல் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. அதே 2007-ல் பள்ளிக்கரணையில் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் சதுப்பு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, சுமார் 1,248 ஹெக்டேர். 2025 ஜூலையில் ஜிம்பாப்வேயில் நடந்த ராம்சார் மாநாட்டில் ஈரநிலங்களை விவேகமாகப் பயன்படுத்துவதற்கான விருது ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு வழங்கப்பட்டது. இந்த விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். புறம்போக்கு என்று ஒதுக்கப்பட்ட ஒரு நிலம் உலக வரைபடத்தில் ஏறுவதற்கு ஏறக்குறைய கால் நூற்றாண்டு பிடித்தது.

இதற்கிடையில் தண்ணீர் தன் கணக்கைத் தானே கேட்க வந்தது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்யத் தொடங்கிய மழை, மறுநாள் காலை 8.30 மணிக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டராகப் பதிவானது. தாம்பரத்தில் பெய்தது வேளச்சேரிக்குத்தானே வர வேண்டும். விஜயநகர், ராம் நகர், தான்சி நகர், ஏஜிஎஸ் காலனி, எல்லாத் தெருவிலும் படகு போயிற்று. தரைத்தளத்தில் இருந்தவர்கள் மாடி வீட்டாரிடம் அடைக்கலம் கேட்டார்கள். முகம் தெரியாத அண்டை வீட்டார் ஒரே பாத்திரத்தில் கஞ்சி குடித்தார்கள். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, அணை நிர்வாகத்திலும் ஆக்கிரமிப்பு அகற்றலிலும் நகரத் திட்டமிடலிலும் இருந்த தவறுகளை வரிசையாகச் சொன்னது.

வெள்ளத்துக்குப் பின் நடந்ததுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அடையாறு, கூவம் கரைகளில் குடிசை போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று அகற்றிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் எங்கே இருக்கின்றன? அதே சதுப்பின் நீர்ப்பரப்பில். மழைக்குச் செம்மஞ்சேரியில் தண்ணீர் நிற்பது ஆண்டுதோறும் செய்தி. வேலைக்கு மறுபடி அடையாறுக்கும் மயிலாப்பூருக்கும் பஸ் பிடித்து வர வேண்டும். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு அது காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம். தூர் வாரியவர்களைச் சபைக்கு வெளியே நிறுத்திய அந்தப் பழைய குறை இதுதான். நீர்வழியில் நின்ற பெரிய மதில்கள் அப்படியே இருக்க, முதலில் அகற்றப்பட்டது குடிசை. அகற்றப்பட்டவர்களைக் கேட்டு எந்தத் திசையும் முடிவாகவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். 4-ஆம் தேதி காலை வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில், கட்டடத்துக்காகத் தோண்டி வைத்திருந்த ஆழமான பள்ளம் சரிந்து, பக்கத்து நிலமும் சேர்ந்து உள்ளே போயிற்று. அதில் சிக்கிய இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். தண்ணீரை இறைத்து உடல்களை எடுப்பதற்கு நான்கு நாட்கள் ஆயின. சதுப்பை ஒட்டிய களிமண்ணில், வடகிழக்குப் பருவமழையில், எத்தனை அடி தோண்டலாம் என்பது ஒரு நிறுவனத்தின் உள்விவகாரமாக இருக்க முடியாது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

இப்போது பெருமழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தின் இரு ஓரத்திலும் கார்கள் வரிசையாக ஏறி நிற்கின்றன. 2024 அக்டோபரில் அந்தப் படம் நாடெங்கும் பரவியது. காரை மேட்டில் ஏற்றிவிடலாம். கீழ்த்தளத்து வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரை எங்கே ஏற்றுவது? தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர், காய்கறிக் கடை அக்கா, இவர்களின் பொருளை எங்கே ஏற்றுவது? மாநகராட்சி ஜெர்மன் வளர்ச்சி வங்கியின் கடனில் கோவளம் வடிநிலத்தில் மழைநீர் வடிகால் கட்டி வருகிறது. பெருங்குடிக் குப்பைமேட்டைப் பிரித்தெடுத்து நிலத்தை மீட்கும் வேலையும் நடக்கிறது. இரண்டும் அவசியம். ஆனால் வடிகால் எவ்வளவு அகலமாக இருந்தாலும் அது கொண்டுபோய் விடும் இடத்தில் சதுப்பு இருந்தாக வேண்டும்.

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் முதல் முழுமைத் திட்டம் 1970-களில் வந்தது, இரண்டாவது 2008-ல். 2026 முதல் 2046 வரைக்கான மூன்றாவது திட்டத்துக்கான வேலை நடந்துவருகிறது. முழுமைத் திட்டத்தின் வரைவை வெளியிட்டு மக்களிடம் ஆட்சேபணையும் கருத்தும் கேட்பது சட்டப்படியான கடமை. அடுத்த இருபதாண்டுக்கு இந்த ஊரின் திசை அந்தத் தாள்களில்தான் இருக்கும். வேளச்சேரியிலும் தரமணியிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் வேலை பார்க்கும் வாசகர்களை நான் கேட்டுக்கொள்வது இரண்டு. உங்கள் நிறுவனம் பட்டியலான அந்த ஆயிரத்தில் ஒன்றானால், அது செபிக்குக் கொடுக்கும் பொறுப்பு அறிக்கை பொதுவில் கிடைக்கிறது. அதை எடுத்துப் படியுங்கள், நம் வளாகத்து மழைநீர் எந்த வாய்க்கால் வழியாக எங்கே போகிறது என்று அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். முழுமைத் திட்ட வரைவில் உங்கள் பகுதி ஏரி, ஓடை, தாங்கல் ஒவ்வொன்றும் சர்வே எண்ணோடு இருக்கிறதா என்று சரிபாருங்கள். விட்டுப்போயிருந்தால் கெடு தேதிக்குள் எழுதிக் கொடுங்கள். பெரும்பாக்கத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாவின் பெயரையும் அந்த மனுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)